நத்தார் பியரை டிசெம்பரில் தொடங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் நத்தார் சிறப்புப் பக்கத்தில், வீட்டிலேயே பண்டிகை பியர் காய்ச்சுவது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. தமிழில் இப்படி ஒன்று வருவதே அபூர்வம் என்பதால் ஆவலோடு படித்தோம். அதில் மூன்று பிழைகள் உள்ளன. இரண்டு பிழைகளால் சுவைதான் கெடும். மற்றொன்றால் போத்தல் வெடிக்கும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

'காய்ச்சிய ஏழாம் நாள் சீனி சேர்த்துப் போத்தலில் அடைக்கலாம்' என்று குறிப்பு சொல்கிறது. அப்படி ஏற்கெனவே அடைத்துவிட்டவர்கள் இன்றே ஒரு வேலை செய்யவேண்டும். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து, போத்தல்களை நிமிர்த்தியபடியே பிரிட்ஜில் வையுங்கள். அறைச் சூட்டில் இருக்கும் போத்தலைக் குலுக்கவோ படுக்கவைக்கவோ வேண்டாம். குளிர்ந்தால் வாயு பியருக்குள்ளேயே கரைந்து நிற்கும். 20 பாகை செல்சியஸில் உள்ள அழுத்தம் 2 பாகையில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு முழு நாள் குளிரவிட்டு, போத்தலைத் துவாயால் சுற்றிப் பாத்திரத்தொட்டிக்குள் பிடித்து, மூடியை மெல்ல நெம்புங்கள். 'உஸ்' என்று வாயு போய் நுரை ஏறினால் கொஞ்சம் விட்டு, அடங்கியபின் புது மூடி போடலாம். மூடியைத் தொட்டதுமே பியர் பீறிட்டால் மற்றப் போத்தல்களுக்கும் இதே கதிதான். அவற்றைப் பிரிட்ஜுக்கு வெளியே வைக்காமல் சீக்கிரம் குடித்து முடிப்பது நல்லது.

ஏன் இப்படி ஆகிறது? குறிப்பில் சொன்னது 7 சதவீதத்துக்கு மேல் அற்ககோல் உள்ள கனமான பியர். அதன் தொடக்க அடர்த்தி ஹைட்ரோமீட்டர் என்ற அடர்த்திமானியில் (வெறும் தண்ணீருக்கு 1.000) 1.072 அளவில் நிற்கும். நொதித்து முடிந்தால் 1.016 வரை இறங்கும். டிசெம்பர் மாதத்து டொரொன்ரோ பேஸ்மெண்டில், 16 பாகைக் குளிரில், ஏழு நாளில் அது முடியாது. ஆங்கிலேய வகை ஈஸ்ட் குளிர் கண்டதும் அடியில் படிந்து தூங்கிவிடும். அப்போது, வாளி மூடியில் வாயுவை வெளியே விடும் அடைப்பான ஏர்லொக்கில் குமிழி நின்றுவிடுவதால் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம். குமிழியை நம்பக்கூடாது. வாளி மூடி சரியாக இறுகாவிட்டாலும் அது வராது. முடிந்தபின்பும் அறை சூடேறினால் வரும். அடர்த்தியை மட்டும் பாருங்கள். மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாகவும் எதிர்பார்த்த அளவிலும் இருந்தால்தான் அடைக்கலாம். 1.030இலேயே நின்றுவிட்டதென்றால் வாளியை 20, 21 பாகையான இடத்துக்கு மாற்றி, அடியிலுள்ள ஈஸ்டை மெல்ல அசைத்துவிட்டு, ஒரு கிழமை பொறுக்கவேண்டும்.

இதிலுள்ள கணக்கு ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டியது. அடர்த்தியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் (0.001) போத்தலுக்குள் பியரின் கனவளவில் ஏறத்தாழ அரைப் பங்கு வாயுவாக மாறும். 1.016இல் அடைக்கவேண்டியதை 1.020இல் அடைத்தால் நான்கு புள்ளிக்கு இரண்டு பங்கு வாயு கூடுதல். 20 லீற்றருக்கு நாம் வழக்கமாகப் போடும் 120 கிராம் சீனியோடு, நொதிக்கும்போதே கரைந்து நிற்பதையும் சேர்த்து, வரவேண்டியது மொத்தம் 2.4 பங்கு, அது 4.4 ஆகிவிடும். சாதாரண பியர்ப் போத்தலுக்கு 3 பங்குக்கு மேலேயே கஷ்டம். சீனியை ஒவ்வொரு போத்தலிலும் கரண்டியால் போடுவதும் வேண்டாம். ஒரு கப் தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து, அடைக்கும் வாளியில் முதலில் ஊற்றி, அதன்மேல் பியரைக் குழாயால் இறக்கினால் சமமாகக் கலக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தலை மட்டும் பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் நிரப்பி வையுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்தே உள்ளே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறதென்று தெரிந்துவிடும்.

இரண்டாவது பிழை, இரண்டு மேசைக்கரண்டி கறுவாத்தூளையும் ஒரு கைப்பிடி கராம்பையும் ஒரு மணி நேரம் கொதிக்கவிடச் சொன்னது. கறுவாத்தூள் நீரில் கொழகொழப்பாகி அடியில் சேறாகப் படியும். ஒரு மணி நேரக் கொதியில் வாசனை எண்ணெய் எல்லாம் ஆவியோடு போய், கைப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். கராம்பு கூடினால் பல் வைத்தியரிடம் போய்வந்த நாக்குபோல மரத்துவிடும். காரணம் கராம்பிலுள்ள யூஜினோல் என்ற எண்ணெய்தான். 20 லீற்றருக்குப் போதுமானது கறுவா ஒரு குச்சி, கராம்பு நான்கு, ஏலக்காய் ஐந்து நசுக்கியது, இஞ்சி 15 கிராம், தோடம்பழத் தோல் 20 கிராம், துருவிய சாதிக்காய் கால் தேக்கரண்டி. தோலின் உட்புற வெள்ளையை அகற்றிவிடுங்கள், அது வெறும் கைப்பு. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கொதிக்கவிடவேண்டும். கறுவா வாங்கும்போது இலங்கைக் கறுவாவா என்று பாருங்கள். மெல்லிய பட்டைகள் பல அடுக்காய்ச் சுருண்டு, கையால் நொறுங்கும். பெரிய கடைகளில் கறுவா என்று கிடைப்பது அநேகமாகத் தடித்த ஒற்றைச் சுருளான காசியா. அதைப் போட்டாலும் பியர் ஆகும். ஆனால் காரம் முன்னுக்கு நிற்கும், அளவைப் பாதியாக்குங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, எங்களுக்கு அதுதான் பிடித்தது. அதே சரக்கை ஒரு சிறு கண்ணாடிப் போத்தலில் 60 மில்லிலீற்றர் வொட்காவில் ஒரு கிழமை ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். அடைக்கும் நாளில் 100 மில்லிலீற்றர் பியரை ஒரு கிளாஸில் எடுத்து, மருந்து ஊசிக்குழாயால் 0.1, 0.2, 0.3 என்று ஏற்றிக்கொண்டே குடித்துப் பாருங்கள். 0.2இல் சரியென்று தோன்றினால் 20 லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். கொதியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இதில் நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்கும். ஆறு மாதம் வைத்துக் குடிக்கப்போகிறவர்கள் சற்றுக் கூட்டி விடலாம், வாசனைச் சரக்கின் மணம் காலத்தோடு தேயும்.

மூன்றாவது, தலைப்பிலேயே உள்ள பிழை: இரண்டு கிழமையில் நத்தார் பியர். கனமான பியர் இரண்டு கிழமையில் ஆகாது. ஆனாலும் இந்த வருடமே மேசையில் ஏதாவது வைக்கவேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அது நோர்வேயிலிருந்து வருகிறது. அங்கே பழைய குலாத்திங் சட்டம் நத்தாருக்குப் பியர் காய்ச்சுவதையே கட்டாயமாக்கி, காய்ச்சாதவருக்குத் தண்டம் விதித்தது. பண்ணைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக மரவளையத்திலோ வைக்கோலிலோ காயவைத்துக் காப்பாற்றிவந்த ஈஸ்டின் பெயர் க்வெய்க். அதில் வொஸ் வகை இப்போது உலர்ந்த பொதியாகக் கிடைக்கிறது. மற்ற ஈஸ்ட் கெட்ட வாசனை தரும் சூடு இதற்குச் சுகம். 35 முதல் 38 பாகையில் மூன்று நான்கு நாளில் வேலையை முடித்து, தோடம்பழ வாசனையும் தரும். தொடக்க அடர்த்தியை 1.050க்கு மேலே கொண்டுபோகாமல் காய்ச்சி, வெப்பக்கட்டுப்பாடு உள்ள சூட்டுப் பட்டியை வாளியைச் சுற்றிக் கட்டிக் கம்பளியால் போர்த்துவிடுங்கள். நாலாம் நாளும் ஏழாம் நாளும் அடர்த்தி ஒன்றாக இருந்தால் அடைத்து, போத்தல்களை 24 பாகையில் பத்து நாள் வைத்தால் குடிக்கலாம். பதினேழு நாள். அதற்குக் குறைவாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்றதெல்லாம் பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டிய வேலை. எந்த மாதத்தில் வீடு எவ்வளவு சூடு என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். பருவகாலப் பியர்கள் தோன்றியதே அந்தக் குளிர்சூட்டுக் கணக்கிலிருந்துதான். பவேரியாவில் 1553இல் வந்த ஆணை ஏப்ரல் 23 முதல் செப்டெம்பர் 29 வரை பியர் காய்ச்சவே கூடாதென்றது. வெயிலில் காய்ச்சியது கெட்டுப்போனதே காரணம். அதனால் மார்ச்சில் கொஞ்சம் கனமாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் வைத்து, இலையுதிர்காலத்தில் குடித்தார்கள். பெயரும் மார்ட்சன், 'மார்ச் மாதத்தது'. 1810இல் இளவரசர் லூட்விக்கின் திருமணக் கொண்டாட்டமாக மியூனிக்கில் தொடங்கிய ஒக்டோபர் திருவிழாவுக்குப் பின்னாளில் அடையாளமாகிப்போனது அந்தப் பியர்தான்.

டொரொன்ரோ வீடுகளில் முன்வாசல் படிக்குக் கீழே இருக்கும் குளிரறை, மார்ட்சனுக்கென்றே கட்டியதுபோல இருக்கும். பெப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் கிழமையிலோ உள்ளே ஒரு வெப்பமானியை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். 10 முதல் 12 பாகை வரும் மூலையைத் தேடிப்பிடியுங்கள். வாளியைத் தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டிக்குள் வைத்தால் இரவு பகல் ஏற்ற இறக்கம் அதற்குத் தெரியாது. 20 லீற்றருக்கு மியூனிக் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) 3 கிலோ, வியன்னா மால்ட் 2.3 கிலோ, ஹாலர்டவ் ஹொப்ஸ் (கைப்புத் தரும் பூ) 45 கிராம் ஒரு மணி நேரக் கொதிக்கு. குளிரில் நொதிக்கும் லாகர் ஈஸ்ட் இரண்டு பொதி, 23 கிராம். ஒரு பொதியோடு நிறுத்துவதுதான் இதில் பலர் விடும் தவறு. குளிரில் ஈஸ்ட் மெல்லப் பெருகும். குறைவாகப் போட்டால் முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்காது, அதற்குள் வேறு கிருமி குடியேறிவிடும்.

அடர்த்தி இறங்கவேண்டியதில் முக்கால் பங்கு இறங்கியதும், அதாவது 1.055இல் தொடங்கியது 1.023 அளவுக்கு வந்ததும், வாளியை வீட்டுக்குள் எடுத்துவந்து 17 பாகையில் மூன்று நாள் வையுங்கள். டயசெட்டில் என்ற வெண்ணெய் வாசனையை ஈஸ்ட் திரும்பத் தின்றுவிடுவதற்கான ஓய்வு இது. தின்றுவிட்டதா என்று அறிய, ஒரு கிளாஸில் கொஞ்சம் பியரை எடுத்து மூடி, 60 பாகை வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, ஆறியபின் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். பொப்கோர்ன் மணம் வந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். வராவிட்டால் 0 முதல் 4 பாகையில் ஆறு முதல் எட்டுக் கிழமை. ஏப்ரல் நடுவில் குளிரறை சூடேறத் தொடங்கும், அதற்குமேல் பழைய பிரிட்ஜ் ஒன்று இல்லாமல் முடியாது. இவ்வளவு நாள் குளிரில் கிடந்தபின் அடைக்கும்போது 2 கிராம் புது ஈஸ்ட் சேர்த்தால் வாயு ஒழுங்காக ஏறும்.

மார்ச் 17, புனித பற்றிக் நாளுக்கான ஐரிஷ் கறுப்பு ஸ்டவுட் இலகுவானது. பெப்ரவரி முதல் வாரம் காய்ச்சினால் போதும், தவறவிட இடமே இல்லை.

கோடைக்கு வருவோம். ஜூலையில் மேல்மாடி அறை 28 பாகை. ஆங்கிலேய ஈஸ்டைப் போட்டால் நகப்பூச்சு நீக்கியின் வாசம் வரும். வெயிலோடு மல்லுக்கட்டாமல் பெல்ஜியத்து சைசோனைக் காய்ச்சுங்கள். வலோனியாப் பண்ணைகளில் கோடை வேலையாட்களுக்காக உருவான இந்தப் பியரின் ஈஸ்ட் 24 முதல் 30 பாகையில்தான் மிளகு வாசனையைக் கொட்டும். பில்ஸ்னர் மால்ட் 4 கிலோ, கோதுமை மால்ட் 500 கிராம், சீனி 300 கிராம். சீனிக்குப் பதிலாக நல்ல பனங்கட்டி போட்டாலும் பொருந்தும், கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டு அடிப்பிடிக்காமல் கிளறவேண்டும். (பனங்கட்டி என்றதும் தைப்பொங்கலுக்கு ஒரு பியர் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. அன்றைக்குப் பொங்கல் போதும்.)

சைசோனில் எச்சரிக்கை ஒன்று. பெல் சைசோன் போன்ற ஈஸ்டுகளில் எஸ்டிஏ1 என்ற மரபணு உண்டு. மற்ற ஈஸ்ட் தொடாத மாச்சத்துத் துண்டுகளையும் இது மெல்ல மெல்ல உடைத்துத் தின்னும். 1.010இல் நின்றுவிட்டதாகத் தெரியும். மூன்று கிழமையில் 1.003க்கு வரும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஏழு புள்ளி, மூன்றரைப் பங்கு வாயு. ஆகவே 1.004க்குக் கீழே வராமல் இந்தப் பியரை அடைக்கவே வேண்டாம். தடித்த ஷம்பெயின் போத்தல்களே இதற்குப் பாதுகாப்பு. குழாயையும் வாளியையும் இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் ஒளிந்திருக்கும் இந்த ஈஸ்ட், அடுத்து வரும் நத்தார் பியருக்குள் புகுந்து அங்கேயும் தின்னத் தொடங்கும். நன்றாக இருந்த பியர் மூன்று மாதத்தின் பின் பீறிடுகிறதென்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது இதை.

கனேடிய நன்றியறிதல் நாள் ஒக்டோபரின் இரண்டாம் திங்கள். பூசணி பியரை ஓகஸ்ட் கடைசியில் காய்ச்சவேண்டும். பூசணிக்கு உண்மையில் பெரிய சுவை இல்லை; மக்கள் பூசணி என்று நினைப்பது கறுவாவையும் சாதிக்காயையும். நிறத்துக்கும் வழவழப்புக்கும் 2 கிலோ பூசணியை 180 பாகையில் ஒரு மணி நேரம் சுட்டு மால்டோடு சேர்த்து ஊறவைக்கலாம். அப்போது கலவை களியாகி, வடிப்பது நின்றுவிடும். மருந்து நமக்குத் தெரிந்ததுதான்: 250 கிராம் நெல் உமி. காய்ச்சும் சாமான் கடையில் உமியைப் பைபோட்டு விற்கிறார்கள். கழுவிவிட்டுக் கலந்தால் நீர் தடையின்றி இறங்கும்.

இனி நத்தார் பியர். செப்டெம்பர் நடுவில் காய்ச்சுங்கள். பேல் மால்ட் 5.8 கிலோ, மியூனிக் 700 கிராம், அடர்நிறக் கிறிஸ்டல் 400 கிராம், சொக்லட் மால்ட் 100 கிராம். முதலில் தண்ணீர். டொரொன்ரோ குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது, குளோரின் கொதித்துப் போய்விடும், இது போகாது. மால்டோடு சேர்ந்தால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரின் வாசம் வரும், அது பிறகு என்ன செய்தாலும் போகாது. 35 லீற்றருக்குக் கம்டன் என்ற சல்பைட் மாத்திரை அரை, தூளாக்கிக் கலக்குங்கள், நிமிடங்களில் வேலை முடியும்.

20 லீற்றர் தண்ணீரை 74 பாகைக்குச் சூடாக்கி மால்டைக் கொட்டினால் கலவை 67இல் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். பிறகு 76 பாகை வெந்நீரால் கழுவி வடித்து 25 லீற்றர் சேருங்கள். கென்ட் கோல்டிங்ஸ் (East Kent Goldings) ஹொப்ஸ் 55 கிராம் கொதி தொடங்கியதும் போட்டு ஒரு மணி நேரம். முதல் கொதியில் பால்போலப் பொங்கும், அடுப்பை விட்டு நகராதீர்கள். பெரிய புரொப்பேன் அடுப்பை வெளியில்தான் பாவிக்கவேண்டும். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எரித்தால் காபனோரொட்சைட் ஆளைக் கொல்லும். பனியில் பானையைப் புதைத்து ஆறவைக்கலாமென்று பனிக்காலத்தில் சிலர் நினைப்பதுண்டு. பானையைச் சுற்றிப் பனி உருகி இடைவெளி விழுந்து, அதுவே போர்வையாகிவிடும். செப்புச் சுருளில் குழாய்நீரை ஓடவிட்டுக் கலக்கிக்கொண்டிருந்தால் இருபது முப்பது நிமிடத்தில் வேலை முடியும்.

ஈஸ்ட் இரண்டு பொதி. முதல் நான்கு நாள் 18 பாகை. பிறகு 20, 21க்கு ஏறவிடுங்கள். மூன்று கிழமையில் 1.016. ஒக்டோபர் நடுவில் சீனி 105 கிராமோடு அடைத்து, மூன்று கிழமை அறைச் சூட்டில் வைத்து, நவம்பரில் குளிரறைக்கு. டிசெம்பர் 24க்குள் அதற்கு ஏழு கிழமை கிடைத்திருக்கும். பார்லி வைன் போல 10 சதவீதத்தைத் தொடும் பியர் வேண்டுமென்றால் வரும் ஜனவரியிலேயே காய்ச்சி அடுத்த நத்தார்வரை பூட்டிவைக்கவேண்டும்.

உங்கள் பத்திரிகையை இணையத்தில் பிற நாடுகளிலும் வாசிக்கிறார்கள் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். கனடாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம், விற்கக்கூடாது. அமெரிக்காவில் இரு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடம் 200 கலன். சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லீற்றர். தமிழ்நாட்டில் இதற்கு இடமில்லை, அங்குள்ள உறவினருக்கு ஈஸ்ட் அனுப்பவேண்டாம்.

ஏழாம் நாள் அடைக்கச் சொன்ன வரிக்கான திருத்தத்தை, குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்தக் கிழமையே போடும்படி கேட்டுக்கொள்கிறோம். இக்கடிதத்தைச் சுருக்கவேண்டியிருந்தால் மார்ட்சனை வெட்டுங்கள். போத்தல்களைப் பற்றிய முதல் மூன்று பந்திகளில் கைவைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டில் பியர் காய்ச்சுவோர் சிலர்,
ஸ்காபரோ.